எந்த வீட்டை எழுதட்டும்?

2024-ஆம் ஆண்டு மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று. காலைத் திருப்பலிக்குப் பின், திருமுழுக்குச் சான்று கேட்டு வந்திருந்த இருவரை அனுப்பிவிட்டுப் பங்கு அலுவலகத்தைப் பூட்ட எழுந்தேன். வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தை. கையில் துணிக்கடைப் பை. உள்ளே வந்து, பையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக என் மேசைமீது பரப்பினார். பழவேற்காட்டை அடுத்த ஒரு குப்பத்தின் முகவரி தாங்கிய ரேஷன் அட்டை. அதே முகவரியில் கணவரின் ஆதார். மீஞ்சூரில் அவர்கள் குடியிருக்கும் வாடகை அறையின் மின்கட்டண அட்டை. அது வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. குழந்தையின் பிறப்புச் சான்று. கடைசியாக, தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இலவச இடங்களுக்கு விண்ணப்பிப்போர் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று இ-சேவை மையத்தில் யாரோ எழுதிக்கொடுத்த துண்டுத்தாள்.

“சாமி, இதுல ஒரு வூட்டுக்குத்தான் எடம் இருக்குதாம். எங்களுக்கு ரெண்டு வூடு. எந்த வூட்டை எழுதட்டும்?”

இரண்டு வீடு என்றதும் வாசகர் மனத்தில் எழக்கூடிய காட்சியை நான் அறிவேன். நகரில் ஓர் அடுக்ககம், மலையில் ஓர் ஓய்வில்லம். எங்கள் கரையில் இரண்டு வீடு என்பது பெரும்பாலும் இரண்டு பாதி வீடுகள். அந்தப் பெண்ணின் குப்பத்து வீடு மாமனாருடையது; ஒரே கூடம், அதில் மூன்று குடும்பம். மீஞ்சூர் வீடு இரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளிய சந்தில் பத்துக்குப் பத்து அறை. குளியலறை நான்கு வீட்டாருக்கும் பொது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்து, முகத்துவாரம் திறந்து, இறால் வரத்தொடங்கினால் கணவர் குப்பத்தில் இருந்தாக வேண்டும். அவர் மட்டும் இருந்து பயனில்லை. பிடித்ததைப் பிரிப்பதும் ஏலத்துக்குக் கொண்டுசெல்வதும் மீந்ததை விற்பதும் பெண்களின் வேலை. கோடையில் ஏரி வற்றி, முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொள்ளும்போது, அதே கணவர் துறைமுகத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ ஒப்பந்தக் கூலியாகப் போகிறார். அதற்கு மீஞ்சூர்தான் வசதி. “அஞ்சு மாசம் அங்க, ஏழு மாசம் இங்க” என்று அவர் கணக்குச் சொன்னார். ஆண்டுக்கு ஆண்டு ஒரு மாதம் முன்பின் ஆகலாம். மழை சொல்வதுதான் கணக்கு.

இந்த இரட்டைக் குடித்தனம் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்டதும் அன்று. இந்தக் கரையின் அண்மைக் கால வரலாற்றைப் புரட்டினால், மக்களை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்த கதைகளே மிகுதி. 1960-களின் இறுதியில் ஸ்ரீஹரிகோட்டா தீவு ஏவுதளத்துக்காகத் தெரிவுசெய்யப்பட்டபோது அங்கு வாழ்ந்தவர்கள் வெளியேறினார்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்துபோன பின், கடலுக்கு அப்பால் தள்ளிக் கட்டிய சுனாமி வீடுகள் கிடைத்தன. ஆனால் படகும் வலையும் கரையில் இருக்க, பழைய குடிசையை யாரும் கைவிடவில்லை. 2013-இல் தொடங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்காக அவ்வூர் மீனவர் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வீடு கூடிற்று; எதுவும் முழுவீடாகவில்லை.

நான் எழுத்தில் நேர்மை பார்க்கிறவன் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஆகவே அவரிடம், “இன்று எந்த வீட்டில் இருக்கிறாயோ அதை எழுதம்மா” என்றேன்.

“இன்னிக்கு இங்கதான். ஆனா அதுக்கு ரேஷன் கார்டு இல்லியே சாமி.”

“அப்படியானால் கார்டை இங்கே மாற்றிக்கொள்ளலாமே.”

அவர் என்னைச் சிறு பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “மாத்துனா குப்பத்துல எங்க பேரு போயிரும்.”

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை தலைமுறைகளாக நிலவுகிறது. இறால் வலை கட்டத் தகுந்த நீர்ப்பகுதிகள் குறிப்பிட்ட சில ஊர்களுக்கு உரியவை. அவ்வூர்களின் தலைக்கட்டுகள் சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டுவது என்று முறைவைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. மோசமான இடமும் அப்படியே. தலைக்கட்டு என்பது மணமான ஆண்மகன். ஊர் வரி செலுத்துபவன். ஊர்க்கூட்டத்தில் பெயர் சொல்லி அழைக்கப்படுபவன். இம்முறையை நான் வானளாவப் புகழ வரவில்லை. பெண்ணுக்கு அதில் பெயரில்லை. ஏரியில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளருக்குப் பங்கில்லை. பாடு இல்லாத குப்பங்களோடு எத்தனையோ சண்டைகள் நடந்திருக்கின்றன. ஆயினும் ஒன்று. ஏழு மாதம் மீஞ்சூரில் கூலிக்குப் போனவனை அந்த ஊர் தன் கணக்கிலிருந்து அடித்துவிடுவதில்லை, அவன் திரும்பி வருவான் என்று அதற்குத் தெரிந்திருக்கும்வரை. முகவரியை வேறூருக்கு மாற்றிக்கொண்டவனைப் பற்றித்தான் ஐயம் எழும். ஊர் ஐயப்படாவிட்டாலும், மீனவர் நிவாரணத் தொகை வழங்கும் அலுவலகம் ஐயப்படும். ஆக, குப்பத்து அட்டை என்பது அவர்களுக்குச் சோறு போடுகிற தாள். அதை விட்டுக்கொடு என்று நான் சொன்னேன், குளிர்சாதனம் இல்லாத அறைதான் என்றாலும் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்துகொண்டு.

சட்டத்தின் பக்கம் திரும்புவோம். குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தில் ‘அண்மை’ என்னும் சொல் இரண்டு இடங்களில் இரண்டு வேலை செய்கிறது. 6-ஆம் பிரிவில் அது அரசின்மேல் ஏற்றிய சுமை: குழந்தை வாழும் இடத்துக்கு அண்மையில் பள்ளி இல்லையென்றால் நீ கட்டு என்று சொல்கிறது. 12-ஆம் பிரிவுக்கு வரும்போது அதே சொல் குழந்தையைச் சுற்றிய வேலியாகிவிடுகிறது. தனியார் பள்ளி தன் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். ஆனால் அக்குழந்தை அண்மையில் வசிப்பதாக இருக்க வேண்டும். எது அண்மை? தமிழ்நாட்டின் 2011-ஆம் ஆண்டு விதிகளில் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டர். விண்ணப்பம் இடங்களைவிட மிகுந்தால் குலுக்கல். அங்கும் சீட்டுத்தான், பாட்டிலும் சீட்டுத்தான். இதைச் சொன்னபோது அந்தப் பெண் சிரித்தார். “சீட்டுல வரலைன்னா வுட்டுட்டுப் போறோம் சாமி. சீட்டுல பேரே போடலைன்னா?”

வேலி காரணமின்றிப் போடப்பட்டதன்று. மூன்று வயதுப் பிள்ளையை இருபது கிலோமீட்டர் வாகனத்தில் அடைத்து அனுப்புவது யாருக்கும் நல்லதில்லை. எல்லையே இல்லாவிட்டால், மீஞ்சூர்ப் பள்ளியின் இலவச இடங்களை எங்கிருந்தோ காரில் வருவோர் கொண்டுபோவர். விதி எழுதியவர் இதை எண்ணித்தான் எழுதியிருப்பார். ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு வீடு என்பதைக் கேள்வியே இல்லாத உண்மையாக அவர் எடுத்துக்கொண்டார். வசதியுள்ளோரை இது உறுத்துவதில்லை. இரண்டு வீடு உடையவர் பள்ளிக்கு எது பக்கமோ அதைக் காட்டுவார். பக்கத்தில் வீடே இல்லையென்றால் ஒரு வாடகை ஒப்பந்தம் காட்டுவார். தாளில் மட்டும் வாடகைக்கு இருக்கும் சிலரை நான் அறிவேன். அதை அவர்கள் என்னிடம் சொன்னது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அன்று; தேநீர் மேசையில், சிறிது பெருமையோடு.

நம் பெண்ணுக்கு வாடகை உண்மை, ஒப்பந்தத்தாள்தான் இல்லை.

“பொய்யாக ஒரு சான்று என்னால் எழுதித் தர முடியாதம்மா” என்று நான் தொடங்கினேன். அவர் பொய்ச் சான்று கேட்கவே இல்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. எந்த வீட்டை எழுதுவது என்றுதான் கேட்டார்.

அவர் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டுச் சொன்னார்: “அன்னிக்கும் இப்டித்தான் சொன்னீங்க சாமி. எங்க அப்பாகிட்ட. ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது.”

* * *

ஞாபகம் இருந்தது. அவர் முகம் அன்று, அவருடைய தந்தையின் முகம்.

2005 ஜூன். இதே கரையோரத்தில் வேறொரு பங்கில் நான் பங்குத்தந்தை. ஆகவே பங்குப் பள்ளியின் தாளாளரும் நானே. முப்பதைக் கடந்த சில ஆண்டுகள், குருமடத்துப் பாடங்கள் இன்னும் மனத்தில் சூடாக இருந்த வயது. ஆழிப்பேரலை கழிந்து ஆறு மாதம். குப்பங்களிலிருந்து ஆறாம் வகுப்புக்கு அவ்வாண்டு கூட்டம் கூடிற்று. இடம் போதவில்லை. பங்குப் பேரவை கூடி, நம் பங்கின் குடும்பப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்க்கே முதலிடம் என்று முடிவெடுத்தது. நான்தான் அதை முன்மொழிந்தேன். பதிவேடு என்பது தெளிவானது, வாதத்துக்கு இடமற்றது என்று விளக்கவும் செய்தேன்.

ஐந்தாம் வகுப்பு முடித்த மகளை அழைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். குப்பத்தில் வீடு போய்விட்டது. தற்காலிகக் கொட்டகையில் மனைவியும் இளைய பிள்ளைகளும். மகளின் படிப்புக்காக நகரில் ஓர் அறை பார்த்து, தாயாரோடு அவளை அங்கே வைத்திருந்தார். “எந்தப் பங்கு?” என்று கேட்டேன். “ரெண்டும்தான் சாமி” என்றார். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றார். பிறகு, “குப்பந்தான் சாமி நம்ம ஊரு” என்றார்.

அந்த ஒரு விடையின்பேரில் நான் இடம் மறுத்தேன். அவ்வாரத்திலேயே, நகர முகவரி ஒன்றை எங்கிருந்தோ பெற்றுவந்து பதிவேட்டில் அவசரமாகப் பெயர் சேர்த்துக்கொண்ட மூன்று குடும்பங்களின் விண்ணப்பங்களில் கையெழுத்திட்டேன். அவர்களில் இருவர் அந்த முகவரியில் இல்லை என்பது எனக்கு ஏறக்குறையத் தெரியும். தாள் சரியாக இருந்தது, கையெழுத்திட்டேன். மெய் சொன்னவர் மகளோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனார். என் அறைச் சன்னலிலிருந்து அந்த நிறுத்தம் தெரியும்.

“அப்புறம்?” என்று இப்போது அந்த மகளிடம் கேட்டேன்.

“குப்பத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல எட்டு வரைக்கும் படிச்சேன். அப்புறம் இறால் கம்பெனில வேல. கல்யாணத்துக்கு எங்க ஊர்லயும் ஓலை வாசிச்சாங்க, டவுன்லயும் ஓலை வாசிச்சாங்க சாமி. அப்பா கேட்டாரு, ஏன் ரெண்டு எடத்துலன்னு. பொண்ணு ரெண்டு எடத்துலயும் இருந்திருக்குதே, ரெண்டு எடத்துலயும்தான் வாசிக்கணும்னு அங்க இருந்த சாமி சொன்னாரு.”

குறை சொல்லும் குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். குழந்தை என் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

* * *

அந்த வேறொரு சாமியார் சரியாகத்தான் செய்திருக்கிறார். நானும் அதையே படித்தவன். பூந்தமல்லி குருமடத்தில் திருச்சபைச் சட்டம் நடத்திய முதிய பேராசிரியர், 1983-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பிலிருந்து உறைவிடம் பற்றிய விதிகளை இரண்டு வாரம் நடத்தினார். எங்களில் பலர் அதைத் தூக்கம் வரவழைக்கும் பகுதி என்று கருதினோம். உறைவிடம் இரு வகை. ஒரு பங்கின் அல்லது மறைமாவட்டத்தின் எல்லைக்குள் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு ஒருவர் வாழ்ந்தாலும், எண்ணம் எதுவாயினும் ஐந்து ஆண்டுகள் முழுமையாக வாழ்ந்துவிட்டாலும், அது அவருடைய டொமிசிலியும், நிலை உறைவிடம். மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வாழ்ந்தால், அல்லது எண்ணமின்றியே மூன்று மாதம் வாழ்ந்துவிட்டால், அது குவாசி-டொமிசிலியும், துணை உறைவிடம். இவற்றில் ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. இரண்டின் வழியாகவும் ஒருவருக்கு உரிய பங்குத்தந்தை உண்டு என்கிறது விதி. உறைவிடம் எப்போது இழக்கப்படுகிறது? திரும்பி வரும் எண்ணம் இல்லாமல் ஓரிடத்தை விட்டு நீங்கும்போது. எங்கும் உறைவிடமே இல்லாதவர்? சட்டம் அவரை வாகுஸ், அலைந்து திரிபவர் என்கிறது. அவருக்கும் பங்குத்தந்தை உண்டு: அன்று அவர் எங்கே தங்கியிருக்கிறாரோ அந்த ஊரின் பங்குத்தந்தை.

பேராசிரியர் தேர்வுத்தாளில் ஒரு கேள்வி வைத்தார். ஒருவன் ஆண்டில் ஏழு மாதம் ஓர் ஊரிலும் ஐந்து மாதம் வேறோர் ஊரிலும் வாழ்கிறான். அவன் எந்தப் பங்கைச் சேர்ந்தவன்? “இரண்டும்” என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். பதினைந்து ஆண்டுக்குள், அதே விடையைச் சொன்ன ஒரு மீனவரிடம் ஒன்றைச் சொல் என்றேன்.

உலகச் சட்டங்களிலும் இந்தத் தாராளம் அறவே இல்லாமல் இல்லை. நம் வாக்காளர் பட்டியலுக்கு அடிப்படையான 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு தொகுதியில் வீடு வைத்திருப்பதாலேயே ஒருவர் அங்கு வசிப்பவராகிவிடமாட்டார். தற்காலிகமாக வெளியே போயிருப்பதாலேயே வசிப்பவர் என்ற நிலையை இழந்துவிடவும் மாட்டார். கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவே, இடம்பெயரும் குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதிசெய்ய வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டும் உண்டு. செங்கல் சூளைகளுக்கு ஆண்டுதோறும் ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வருகின்றன, மழைக்குமுன் திரும்பிவிடுகின்றன. அவர்களுடைய பிள்ளைகள் இங்கே ஒடியா மொழியில் படிக்க வகை செய்யப்பட்டது. பாடநூல்கள் ஒடிசாவிலிருந்து வந்தன. ஓராண்டின் பாதியை இங்கும் பாதியை அங்கும் கழிக்கும் பிள்ளை ஒரே பிள்ளைதான் என்று இரண்டு மாநிலங்கள் ஒப்புக்கொள்ள முடிந்திருக்கிறது. மீஞ்சூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் மாநில எல்லைகூட இல்லை.

அயல்நாடுகளில் நிலைமை நம்மைவிட மேல் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் அரசு அடுக்கக வீட்டில் வாழ்ந்தவர் கெல்லி வில்லியம்ஸ்-போலார். தம் இரு மகள்களையும், தம் தந்தை வாழ்ந்த பக்கத்துப் பகுதியின் நல்ல பள்ளியில், தந்தையின் முகவரியைக் கொடுத்துச் சேர்த்தார். பள்ளி நிருவாகம் துப்பறிபவரை அமர்த்திப் பின்தொடரச் செய்தது. 2011-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டது. ஒன்பது நாள் சிறையில் இருந்தார். அதே ஆண்டில் மாநில ஆளுநர் அக்குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். அதே நாட்டில் 1987-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, வீடற்ற குழந்தையை இருப்பிடச் சான்று கேட்காமலே உடனடியாகச் சேர்க்க வேண்டும் என்கிறது. வீடே இல்லாத குழந்தைக்கு வழி உண்டு, தாத்தா வீட்டிலும் அம்மா வீட்டிலுமாக வளரும் குழந்தைக்கு வழக்கு உண்டு. இலங்கையிலோ, அரசுப் பாடசாலையின் முதலாம் தரத்தில் பாதி இடங்கள் அண்மையில் வசிப்போருக்கு. அதை நிறுவ, கடந்த ஐந்து ஆண்டுகளின் தேர்தல் இடாப்பில் பெயர் இருந்தால் ஆண்டுக்கு இவ்வளவு புள்ளி என்று கணக்கு. போரினால் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த ஐந்தாண்டுத் தொடர்ச்சி எத்தனை எட்டாததாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்கலாம். நாசரேத்தில் தச்சுத்தொழில் செய்தவர் பெயர் எழுதப் பெத்லகேம் போனதும், பிள்ளை அங்கே பிறந்ததும் நாம் ஆண்டுதோறும் குடில் கட்டி நினைவுகூர்வது. அந்தப் பிள்ளையின் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் திணறுவோம்!

* * *

அன்று நான் ஒரு கடிதம் எழுதினேன். இக்குடும்பம் ஆண்டில் ஏறத்தாழ ஏழு மாதம் மீஞ்சூரில் இன்ன தெருவிலும், ஐந்து மாதம் இன்ன குப்பத்திலும் வாழ்கிறது. இரண்டும் மெய்யான இருப்பிடங்கள். இதை நான் நேரில் அறிவேன் என்று எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தேன். எழுதும்போது மனம் சற்று நிறைவாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

அது ஓர் அலுவலகத்திலிருந்து அன்று மாலையே திரும்பி வந்தது. அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினாராம். கடிதம் முழுவதையும் படித்தாராம். கணினியில் முகவரிக்கு ஒரு கட்டந்தான் இருக்கிறது, அதற்கு ஒரு சான்று வேண்டும், சாமியார் கடிதம் சான்று ஆகாது என்றாராம். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. 2005-இல் நான் அமர்ந்திருந்த நாற்காலியில்தான் அவர் அமர்ந்திருந்தார். அவர் என்னைவிடப் பண்பாகப் பேசியிருக்கிறார்.

எஞ்சியது வாடகை ஒப்பந்தம். வீட்டுக்காரர் நம் பங்கைச் சேர்ந்தவர். நானே போய்க் கேட்டேன். காபி கொடுத்தார், நாற்காலி போட்டார், கையெழுத்து மட்டும் போடவில்லை. “ஃபாதர், நீங்க கேட்டு மறுக்கிறது பாவந்தான். ஆனா பேப்பர்ல எழுதிட்டா, நாளைக்கு அந்த அட்ரஸ்ல ரேஷன் கார்டு எடுப்பாங்க, கேஸ் எடுப்பாங்க, காலி பண்ணச் சொன்னா கோர்ட்டுக்குப் போவாங்க.” இரண்டாம் முறையும் போனேன். அவர் மனைவி, அவர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார். வாசலில் அவருடைய செருப்பு இருந்தது. அவருக்கும் அந்த நான்கு அறைகளின் வாடகைதான் ஓய்வூதியம். விண்ணப்பக் கெடு முடிந்தது.

(அடுத்த ஆண்டு, 2025-இல், ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையில் கல்வி நிதி பற்றிய பிணக்கில் இந்த இலவசச் சேர்க்கை வழக்கமான பருவத்தில் தொடங்கவே இல்லை, அக்டோபரில்தான் தொடங்கிற்று. எல்லா முகவரியும் சரியாக இருந்தவர்களும் அவ்வாண்டு காத்திருந்தார்கள்.)

அப்போதுதான், வெகு தாமதமாக, நம் பள்ளிகளின் நினைவு வந்தது. ஏன் தாமதம் என்றால், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. 2025 செப்டம்பரில் வேறோர் அமர்வு அத்தீர்ப்பை மறுபரிசீலனைக்குரியது என்று கருதித் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது தனிக்கதை. சட்டம் பொருந்தாது என்பதை, நமக்கு இதில் வேலையில்லை என்று நான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு கிலோமீட்டர் வேலியும் நமக்குப் பொருந்தாது என்பது கண்ணில் படவில்லை. கணினியில் ஒரே கட்டம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியே இல்லை.

அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு பள்ளியில் விண்ணப்பம் வாங்கி வரச்செய்தேன். நான்காவது வரியில் ‘பங்கு’ என்று இருந்தது. எதிரே ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் குப்பத்துப் பங்கின் பெயரையும் மீஞ்சூரையும் எழுதச் சொன்னேன். அந்தப் பெண் எழுத்துக்கூட்டிப் பொடி எழுத்தில் இரண்டையும் எழுதினார். எழுதும்போது பேனாவை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். தலைமைச் சகோதரி விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிட்டு, குழந்தையின் பெயரைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டார். கட்டணத்தில் பாதியைப் பள்ளி தள்ளுபடி செய்தது. மீதியைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்றுக்கொண்டார்கள்.

அவருடைய தந்தையைப் பார்க்க ஒரு ஞாயிறு மாலை குப்பத்துக்குப் போனேன். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். 2005-ஐப் பற்றிப் பேச்செடுத்தேன். “பழசு சாமி அது” என்றார். பிறகு வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அன்னிக்கு டவுனுன்னு சொல்லியிருக்கலாம். பொண்ணு வழியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கிட்டு வந்துச்சு, ஏன்பா டவுனுன்னு சொல்லலன்னு” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து நாற்காலி கொண்டுவரப் போனார்.

அவ்வாண்டு நவம்பரில் பள்ளியிலிருந்து சகோதரி தொலைபேசியில் அழைத்தார். குழந்தை மூன்று வாரமாக வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையாகவே போகிறது என்றார். முகத்துவாரம் திறந்துவிட்டது, இறால் காலம், குடும்பம் குப்பத்தில் இருக்கிறது என்றேன். அங்கே என்ன செய்கிறாள் என்று கேட்டார். விசாரித்துச் சொன்னேன்: குப்பத்து அங்கன்வாடியில் தினமும் போய் உட்காருகிறாள், பாட்டுச் சொல்கிறாள், அங்கே அவள் பெயர் பதிவேட்டில் இல்லை, பெயர் இருப்பது இங்கே.

“அங்கே போன நாட்களை இங்கே சேர்த்துக்கொள்ள ஏதாவது படிவம் இருக்கிறதா, ஃபாதர்?” என்றார் சகோதரி.

நான் அறிந்தவரை இல்லை என்றேன். இரண்டு பேருமாகச் சற்று நேரம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர், சிவப்பு மைக்குப் பதில் பென்சிலால் குறித்துவைக்கிறேன், வரட்டும் என்றார். பொங்கல் கழிந்த திங்கட்கிழமை அவர்கள் மீஞ்சூருக்குத் திரும்பினார்கள்.